2.4 கிகாஹெர்ட்ஸ் போர்டு ஆன்டெனா: நான்கு மீட்டரைத் தாண்டினால் சிக்னல் இல்லை

பல்லடத்தான் | மார்ச் 3, இரவு 10.15

வணக்கம். கறிக்கோழிப் பண்ணைகளுக்காக வெப்பநிலையும் ஈரப்பதமும் அளக்கும் சிறு கருவி ஒன்றைச் செய்துவருகிறேன். குஞ்சுகள் வந்து இறங்கும் முதல் வாரத்தில், அவற்றைச் சூடாக வைக்கும் புரூடருக்குள் 32, 33 டிகிரி இருந்தாக வேண்டும். நள்ளிரவில் மின்சாரம் போய்ச் சூடு இறங்கிவிட்டால், விடிவதற்குள் குஞ்சுகள் மூலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி மூச்சு முட்டிச் சாகின்றன. எங்கள் பண்ணையிலேயே இது நடந்திருக்கிறது. அதனால்தான் இதில் இறங்கினேன்.

சிப், என்ஆர்எஃப்52832 என்ற புளூடூத் சிப். இரண்டு அடுக்கு எஃப்ஆர்4 (கண்ணாடி இழைத் தகடு) போர்டு, தடிமன் 1.6 மி.மீ., அளவு 32 x 55 மி.மீ. பின்பக்கம் சிஆர்2032 பேட்டரி. ஆன்டெனா, இணையத்தில் கிடைத்த ஒரு திறந்த வடிவமைப்பிலிருந்து அப்படியே எடுத்த வளைந்து வளைந்து போகும் செப்புத் தடம். சிப் போர்டின் நடுவில் இருக்கிறது. அங்கிருந்து ஆன்டெனா வரை 17 மி.மீ. நீளத்துக்கு 0.25 மி.மீ. அகலத் தடம் போகிறது.

ஒரு மீட்டர் தொலைவில் வைத்துப் பார்த்தால், கடையில் வாங்கிய சோதனைப் போர்டு -48 டிபிஎம் காட்டுகிறது (டிபிஎம் சிக்னல் வலிமையின் அளவு; கழித்தல் எண் பெரிதாகப் பெரிதாகச் சிக்னல் பலவீனம்). என் போர்டு -76. இரண்டும் +4 டிபிஎம் திறனில்தான் அனுப்புகின்றன. நான்கு மீட்டர் தாண்டினால் என் போர்டு காணாமல் போகிறது. சிப்பே பழுதாக இருக்குமா?

ஈயக்கம்பி | மார்ச் 3, இரவு 11.02

சிப் பழுது இல்லை தம்பி. பழுதான சிப் இவ்வளவு ஒழுங்காகப் பேசாது.

28 டெசிபெல் வித்தியாசம் என்பது தொலைவில் ஏறக்குறைய 25 மடங்கு. ஒரே தவறால் இவ்வளவு போவது அரிது. இரண்டு மூன்று சேர்ந்திருக்கும். மூன்று விவரங்கள் வேண்டும். ஆன்டெனாவுக்கு நேர் கீழே, அடி அடுக்கில் என்ன இருக்கிறது? பேட்டரியின் விளிம்பு ஆன்டெனாவிலிருந்து எத்தனை மி.மீ.? நீங்கள் எடுத்த வடிவமைப்பு எந்தத் தடிமன் போர்டுக்கு வரையப்பட்டது?

பல்லடத்தான் | மார்ச் 4, காலை 6.30

அடி அடுக்கு முழுவதும் கிரவுண்ட், அதாவது பேட்டரியின் எதிர்முனையோடு இணைந்த செம்புப் பரப்பு. ஆன்டெனாவுக்குக் கீழேயும் இருக்கிறது. ஆன்டெனாவுக்கு நல்ல கிரவுண்ட் வேண்டும் என்று படித்திருந்தேன். அதனால் வேண்டுமென்றேதான் அங்கும் நிரப்பினேன். பேட்டரி உறையின் விளிம்பு ஆன்டெனா முனையிலிருந்து 4 மி.மீ. மூல வடிவமைப்பு 0.8 மி.மீ. போர்டு என்று இப்போதுதான் பார்த்தேன்.

அலைநீளம் | மார்ச் 4, காலை 9.48

பல்லடத்தான், நீங்கள் படித்தது சரி. புரிந்துகொண்ட இடத்தில்தான் சிக்கல். இதே இடத்தில் பலர் தடுக்கி விழுவதைப் பார்த்திருக்கிறேன். அதனால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

2.44 கிகாஹெர்ட்ஸில் காற்றில் அலைநீளம் 123 மி.மீ. அதில் கால் பங்கு ஏறக்குறைய 31 மி.மீ. போர்டின் ஓரத்தில் நாம் வரையும் தடம் இந்தக் கால் அலை ஆன்டெனாதான். இடம் மிச்சப்படுத்துவதற்காக மடித்தோ வளைத்தோ வைக்கிறோம். ஆனால் கால் அலை ஆன்டெனா தனியாக எதையும் வீசாது. அதில் ஓடும் மின்னோட்டத்துக்கு எதிர்ப்பக்கம் வேண்டும். அந்த எதிர்ப்பக்கம் உங்கள் கிரவுண்ட் பரப்பு. ஒரு துலாவின் இரண்டு கைகளைப் போல, தடம் ஒரு கை, போர்டின் கிரவுண்ட் மறு கை. இரண்டும் அக்கம்பக்கமாக, ஒன்றைவிட்டு ஒன்று விலகிப் போக வேண்டும்.

நீங்கள் செய்திருப்பது, மறு கையை மடித்து முதல் கைக்கு அடியில் 1.6 மி.மீ. தூரத்தில் வைத்தது. மேலே மின்னோட்டம் ஒரு திசையில் ஓடும்போது கீழே செம்பில் அதற்கு நேர் எதிர்த் திசையில் ஓடுகிறது. அலைநீளமோ 123 மி.மீ., இடைவெளியோ 1.6 மி.மீ. தூரத்தில் நின்று பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். புலம் முழுவதும் அந்த எஃப்ஆர்4 தகட்டுக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். நீங்கள் வரைந்தது ஆன்டெனாவாக இல்லாமல், முனை திறந்த ஒரு கடத்தும் தடமாக ஆகிவிட்டது.

ஆகவே நல்ல கிரவுண்ட் வேண்டும் என்றால் ஆன்டெனாவின் *பக்கத்தில்* வேண்டும் என்று பொருள். ஆன்டெனா இருக்கும் பகுதியில் எந்த அடுக்கிலும் செம்பு கூடாது. கிரவுண்டின் விளிம்பு ஒரே நேர்கோட்டில் முடிய வேண்டும். மேல் அடுக்கையும் அடி அடுக்கையும் அந்த விளிம்பு நெடுக 3 மி.மீ.க்கு ஒரு வயா (அடுக்குகளை இணைக்கும் செம்பு பூசிய துளை) போட்டுத் தைத்துவிடுங்கள். போர்டு வரையக் கிகேட் மென்பொருள் பயன்படுத்துகிறீர்கள் என்றால், செம்பு நிரம்பக் கூடாத தடைப்பகுதியை வரையும்போது அது எல்லா அடுக்குகளுக்கும் பொருந்துமாறு தேர்ந்தெடுக்க வேண்டும். மேல் அடுக்கை மட்டும் தேர்ந்தெடுத்துவிட்டுக் கீழே நிரம்பிப் போவது மிகவும் சாதாரணமாக நடக்கிறது.

கிரவுண்டின் நீளமும் முக்கியம். கால் அலைக்குக் குறைவாக, அதாவது 31 மி.மீ.க்கும் கீழே போனால் திறன் வேகமாகச் சரியும். உங்கள் போர்டில் ஆன்டெனாவுக்கு 9 மி.மீ. விட்டாலும் 46 மி.மீ. மிஞ்சுகிறது. அது போதும்.

தென்காற்று | மார்ச் 4, நண்பகல் 12.20

கிரவுண்ட் விஷயத்தில் அலைநீளம் சொல்வதே சரி. சிப்பிலிருந்து ஆன்டெனாவுக்குப் போகும் ஊட்டுத் தடத்தைப் பற்றி மட்டும் அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். 17 மி.மீ. மிகக் குறுகிய நீளம், அதன் இம்பிடன்ஸ் (மாறுமின்னோட்டத்துக்குக் காட்டும் எதிர்ப்பு) வழக்கமான 50 ஓம் இல்லாவிட்டாலும் பாதிப்பு தெரியாது. இன்னொன்று: இந்தத் தொல்லையெல்லாம் எதற்கு? சிப்பும் ஆன்டெனாவும் சேர்ந்தே வரும் மாட்யூல் ஒன்றை வாங்கிப் பற்றவைத்துவிட்டால் வேலை முடிந்ததே.

நிலா_வன்பொருள் | மார்ச் 4, பிற்பகல் 3.05

தென்காற்று, 17 மி.மீ. குறுகியது அல்ல. கணக்கைப் பாருங்கள்.

1.6 மி.மீ. எஃப்ஆர்4 மேல் 0.25 மி.மீ. தடம், பக்கத்தில் கிரவுண்ட் இல்லாமல் ஓடினால் அதன் இம்பிடன்ஸ் 130 ஓமைத் தாண்டும். எனக்கு 138 வருகிறது. அந்தத் தடத்தில் அலைநீளம் சுருங்கி 72 மி.மீ. ஆகிறது. அதில் கால் பங்கு 18 மி.மீ. நண்பரின் தடம் 17 மி.மீ. அதாவது, கிட்டத்தட்டச் சரியாக ஒரு கால் அலை. கால் அலைத் தடம் இம்பிடன்ஸைப் புரட்டிப் போடும்: ஆன்டெனா சரியாக 50 ஓமாகவே இருந்தாலும், மறுமுனையில் சிப்புக்குத் தெரிவது 138 x 138 / 50, அதாவது 380 ஓம். அந்தப் பொருத்தமின்மையால் மட்டும் ஏறக்குறைய 4 டெசிபெல் போகிறது. 28-இல் 4 பெரிதில்லை என்று தோன்றலாம். ஆனால் 4 டெசிபெல் என்றால் எட்டும் தூரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல்.

கண்டுகொள்ளாமல் விடலாம் என்ற சலுகை, தடத்துக்குள் அலைநீளத்தில் இருபதில் ஒரு பங்கு வரைக்கும்தான். இங்கே அது 3.6 மி.மீ.

சரிசெய்ய இரண்டு வழி. சிப்பை ஆன்டெனா ஓரத்துக்கு நகர்த்தித் தடத்தைக் குறுக்குங்கள். மிஞ்சும் நீளத்தை 50 ஓமாக வரையுங்கள். 1.6 மி.மீ. போர்டில் வெறும் தடமாக 50 ஓம் வேண்டுமென்றால் அகலம் ஏறக்குறைய 3 மி.மீ. வரும், சிப்பின் காலே 0.2 மி.மீ. இருக்கும்போது அது அசிங்கம். அதற்குப் பதில் இரு பக்கமும் கிரவுண்டை நெருக்கிக் கொண்டுவாருங்கள். தடம் 1.2 மி.மீ., இருபுறமும் இடைவெளி 0.2 மி.மீ., கீழே முழுக் கிரவுண்ட் என்றால் 51 ஓம் வருகிறது. நெருக்கிய கிரவுண்டையும் வயாக்களால் தைக்க மறக்காதீர்கள்.

பொருத்தச் சுற்று (இம்பிடன்ஸைப் பொருத்தும் சிறு பாகங்கள்) பற்றி ஒரு சொல். சிப்பை ஒட்டி 3.9 நானோஹென்றி இண்டக்டரும் 0.8 பிக்கோஃபாரட் கெப்பாசிட்டரும் இருக்கும்; நார்டிக் நிறுவனத்தின் மாதிரி வரைபடத்தில் உள்ளவை. அவை சிப்பை 50 ஓமுக்குக் கொண்டுவருவதற்கும் இரண்டாம் ஒத்திசை அலையை அடக்குவதற்கும் இருப்பவை. அவற்றின் மதிப்பையோ இடத்தையோ தொடாதீர்கள். ஆன்டெனாவைச் சரிசெய்ய அதன் அடியில் தனியாக மூன்று இடம் விடுங்கள்: தொடரில் ஒன்று, அதன் முன்னும் பின்னும் கிரவுண்டுக்கு ஒவ்வொன்று. முதலில் தொடரில் 0 ஓம் போட்டு, மற்ற இரண்டையும் காலியாக விட்டுத் தொடங்குங்கள்.

தென்காற்று | மார்ச் 4, மாலை 5.40

நிலா, கணக்கைப் போட்டுப் பார்த்தேன். நீங்கள் சொன்னதே சரி, என் கருத்தைத் திரும்பப் பெறுகிறேன். நான் வேலை செய்தவை 433 மெகாஹெர்ட்ஸ் போர்டுகள். அங்கே கால் அலை 170 மி.மீ.க்கு மேல் என்பதால் 17 மி.மீ. உண்மையிலேயே ஒன்றுமில்லை. அந்தப் பழக்கத்தை இங்கே கொண்டுவந்தது தவறு. மாட்யூல் பற்றிய கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது.

ஈயக்கம்பி | மார்ச் 4, இரவு 8.55

மாட்யூல் நல்ல வழிதான். நூறு, இருநூறு கருவி மட்டும் செய்வதென்றால் நானும் அதையே சொல்வேன். ஆனால் மாட்யூல் வாங்கினால் ஆன்டெனாப் பாடம் படிக்க வேண்டாம் என்று நினைத்துவிடக் கூடாது. ஈஎஸ்பி32 வைஃபை மாட்யூலைப் போர்டின் நடுவில் வைத்து, அதன் ஆன்டெனாவுக்கு அடியில் கிரவுண்டை நிரப்பி, மேலே எல்சிடி திரையை மாட்டிக்கொண்டு வந்தவர்களை என் பட்டறையில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். தயாரிப்பாளர் எஸ்பிரெசிஃப் சொல்வது, ஆன்டெனாப் பகுதி போர்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கட்டும், முடியாவிட்டால் அதைச் சுற்றி 15 மி.மீ. எதுவும் இல்லாமல் இருக்கட்டும் என்பது. பாதிப் பேர் அந்தப் பக்கத்தைத் திருப்பிக்கூடப் பார்ப்பதில்லை.

விற்கப்போகிறீர்கள் என்றால் இதையும் கவனியுங்கள். இந்தியாவில் 2400 முதல் 2483.5 மெகாஹெர்ட்ஸ் வரை உரிமம் தேவையில்லை. 2005 ஜனவரி 28 தேதியிட்ட மத்திய அரசின் அறிவிக்கை அதற்கு வழிசெய்கிறது. ஆனால் உரிமம் வேண்டாம் என்பதும் கருவிக்கு ஒப்புதல் வேண்டாம் என்பதும் ஒன்றல்ல. மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூபிசி பிரிவின் கருவி வகை ஒப்புதல் வேண்டும்.

பல்லடத்தான் | மார்ச் 7, இரவு 9.10

அனைவருக்கும் நன்றி. புதிய போர்டு வரைவதற்கு முன், இருக்கும் போர்டிலேயே அறுவை செய்து பார்த்தேன்.

ஆன்டெனாவுக்கு நேர் கீழே இருந்த செம்பைக் கத்தியால் கீறி, சூடான பற்றுக்கோலால் தளர்த்தி, இடுக்கியால் உரித்தெடுத்தேன். அதே ஒரு மீட்டரில் -76 என்பது -63 ஆனது! 13 டெசிபெல். அடுத்து, பேட்டரியைக் கழற்றி 10 செ.மீ. கம்பியில் தள்ளி வைத்தேன். -59. ஊட்டுத் தடத்தை இன்னும் தொடவில்லை.

அலைநீளம் | மார்ச் 7, இரவு 10.30

அருமையான வேலை. இப்படி ஒவ்வொன்றாக மாற்றி ஒவ்வொன்றாக அளப்பதுதான் முறை.

பேட்டரிக் கணக்கை மட்டும் அப்படியே நம்ப வேண்டாம். நீங்கள் இணைத்த 10 செ.மீ. கம்பியும் கிரவுண்டோடு சேர்ந்து ஆன்டெனாவின் பகுதியாகிவிடும். அந்த 4 டெசிபெல்லில் எவ்வளவு பேட்டரி விலகியதால், எவ்வளவு கம்பி நீண்டதால் என்று பிரிக்க முடியாது. புதிய போர்டில் பேட்டரியை எதிர் ஓரத்தில் வையுங்கள். 20 மி.மீ. விட்டமுள்ள உலோகத் தட்டு அது. கிரவுண்டின் மேல் படுத்திருந்தால் தொல்லை இல்லை, ஆன்டெனாவின் வெற்றிடத்துக்குள் தலை நீட்டினால்தான் தொல்லை.

இன்னொன்று: வளைந்த ஆன்டெனாவை விட்டுவிடுங்கள். உங்கள் போர்டு 32 மி.மீ. அகலம். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் வெளியிட்ட மடித்த எஃப் வடிவ ஆன்டெனா 25.7 x 7.5 மி.மீ.; உங்கள் குறுகிய ஓரத்தில் நேராக உட்காரும். அதே நிறுவனத்தின் வளைந்த வடிவம் 15.2 x 5.7. இடமில்லாதவர்களுக்கு அது வரப்பிரசாதம்தான். ஆனால் சுருக்கச் சுருக்க அலைவரிசை அகலமும் திறனும் குறையும். இடம் இருக்கும்போது ஏன் சுருக்க வேண்டும்?

எஃப் வடிவத்தில் நமக்கு இரண்டு பிடிகள் கிடைக்கின்றன. கையின் நீளத்தைக் கூட்டினால் ஒத்ததிர்வு (ஆன்டெனா மிக நன்றாக வேலை செய்யும் அதிர்வெண்) கீழே இறங்கும். ஊட்டும் புள்ளியைக் கிரவுண்டில் இணையும் காலிலிருந்து தள்ளிக்கொண்டே போனால் இம்பிடன்ஸ் ஏறும். முதல் போர்டில் கையை 3 மி.மீ. கூடுதலாக வரையுங்கள். செம்பை வெட்டலாம், ஒட்டுவது கடினம்.

நிலா_வன்பொருள் | மார்ச் 8, காலை 8.15

அளப்பதற்கு விஎன்ஏ (ஆன்டெனாவுக்கு அனுப்பும் சிக்னலில் எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் கருவி) கட்டாயம் வேண்டும். சிக்னல் வலிமையை மட்டும் பார்த்துச் செய்தால், எந்தத் திசையில் தவறியிருக்கிறோம் என்றே தெரியாது. முதலில் வந்த மலிவு நானோவிஎன்ஏ 2.4 கிகாஹெர்ட்ஸ் வரை எட்டாது. 3 கிகாஹெர்ட்ஸ் வரை போகும் வகையைப் பாருங்கள்.

மெல்லிய கோஆக்சியல் கம்பித் துண்டு ஒன்றைப் பொருத்தச் சுற்றின் இடத்தில் பற்றவையுங்கள். சிப் பக்கத்துத் தொடர்பைக் கழற்றிவிடுங்கள். வெளி உறையை ஊட்டுப் புள்ளிக்கு எவ்வளவு அருகில் முடியுமோ அவ்வளவு அருகில் கிரவுண்டில் பற்றவைக்க வேண்டும், ஓரிரு மி.மீ. வால் விட்டால்கூட அளவு கெடும். அளவுதிருத்தத்தைக் கருவியின் வாயில் செய்யாமல் இந்தக் கம்பியின் நுனியில் செய்யுங்கள்: திறந்த நுனி, குறுக்கிணைத்த நுனி, இரண்டு 100 ஓம் சிறு மின்தடைகளை இணையாக வைத்த 50 ஓம்.

பிறகு கம்பியைக் கையால் தொட்டுப் பாருங்கள். திரையில் வளைவு நகர்ந்தால், கம்பியும் சேர்ந்து அலை வீசுகிறது என்று பொருள், அந்த அளவு செல்லாது. கம்பியை ஆன்டெனாவுக்கு எதிர்ப்பக்கமாக வெளியே எடுத்து, ஃபெரைட் வளையம் மாட்டுங்கள்.

பல்லடத்தான் | ஏப்ரல் 11, இரவு 8.00

இரண்டாம் போர்டு வந்துவிட்டது. ஊட்டுத் தடம் 5 மி.மீ., 1.2-க்கு 0.2 அளவில். பேட்டரி மறு ஓரத்தில். கோவையில் ஒரு நண்பரிடம் விஎன்ஏ இரவல் வாங்கினேன்.

வெறும் போர்டு: ஒத்ததிர்வு 2.31 கிகாஹெர்ட்ஸ். 3 மி.மீ. கூடுதல் என்பதால் கீழே இருக்கும் என்று எதிர்பார்த்தேன். ஆனால் ஏபிஎஸ் பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து மூடியதும் 2.23-க்கு இறங்கியது. பெட்டி 80 மெகாஹெர்ட்ஸ் இழுக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. புளூடூத் பட்டையின் முழு அகலமே ஏறக்குறைய அவ்வளவுதான்.

முனையை அரை அரை மி.மீ.யாக வெட்டினேன். ஒவ்வொரு வெட்டுக்கும் ஏறக்குறைய 40 மெகாஹெர்ட்ஸ் ஏறியது. மொத்தம் 2.6 மி.மீ. வெட்டியதும், பெட்டி மூடிய நிலையில் 2.44. எஸ்11 (ஆன்டெனாவிலிருந்து திரும்பி வரும் பங்கு) நடுவில் -17 டெசிபெல், 2402-இல் -12, 2480-இல் -13. பொருத்தச் சுற்றில் 0 ஓம் மட்டும்தான். ஒரு மீட்டரில் -50 டிபிஎம்.

அந்த எண்ணைப் பார்த்தபோது கை நடுங்கியது. மார்ச் மாதம் சிப் பழுதா என்று கேட்டவன் நான்.

புதுமின்மினி | ஏப்ரல் 12, காலை 10.05

இழை முழுவதையும் படித்தேன், ஐயா அக்கா அனைவருக்கும் நன்றி. செராமிக் சிப் ஆன்டெனா போட்டால் இந்த வெட்டும் வேலை இருக்காதா?

ஈயக்கம்பி | ஏப்ரல் 12, காலை 11.30

இருக்கும். அதுவும் கால் அலையின் ஒரு கைதான், செராமிக்கால் சுருங்கியிருக்கிறது. அதற்கும் அடியில் செம்பில்லா இடம் வேண்டும், அதுவும் பெட்டிக்குள் போனால் நகரும். வெட்டுவதற்குப் பதிலாகப் பொருத்தச் சுற்றில் இண்டக்டர், கெப்பாசிட்டர் மாற்றிச் சரிசெய்வீர்கள்.

அலைநீளம் | ஏப்ரல் 12, பிற்பகல் 1.15

பல்லடத்தான், எஸ்11 -10 டெசிபெல் என்றால் திரும்பி வருவது பத்தில் ஒரு பங்கு. உங்களுடையது பட்டை முழுவதும் அதைவிட நன்றாக இருக்கிறது. அங்கேயே நிறுத்துங்கள், -17 ஐ -30 ஆக்க இன்னும் வெட்டினால் நேரம்தான் போகும்.

கொட்டகையில் அம்மோனியா இருக்கும். செம்பு கறுத்துப் போகாமல் இருக்கப் பூச்சு பூசுவீர்கள் அல்லவா? ஆன்டெனா மேலும் பூச்சு படும் என்றால், பூசி உலர்ந்த பிறகு ஒருமுறை அளந்துவிடுங்கள். அதுவும் ஒத்ததிர்வைக் கீழே இழுக்கும்.

பல்லடத்தான் | மே 29, இரவு 9.45

பூச்சு 15 மெகாஹெர்ட்ஸ் இறக்கியது. மூன்றாம் போர்டில் கையை 0.2 மி.மீ. குறைத்து வரைந்துவிட்டேன்.

ஒரு கொட்டகையில் பன்னிரண்டு கருவிகள் நாற்பது நாள் ஓடி முடிந்தன. 200 அடி நீளம், தகரக் கூரை, இருபுறமும் கம்பிவலை. நடுவில் ஒரு பெறுகருவி. குஞ்சு வந்த வாரம் கோடியிலிருந்த கருவி -80-ஐ ஒட்டி வந்தது. ஐந்தாம் வாரம் அதே கருவி -87. இடையில் மாறியது கோழிகள்தான். ஒவ்வொன்றும் இரண்டு கிலோ, உடம்பு பெரும்பாலும் நீர், கருவியோ அவற்றின் முதுகு உயரத்தில். சூட்டை அவை உணரும் உயரத்தில்தான் அளக்க வேண்டும் என்பதால் கருவியை மேலே ஏற்றவும் முடியாது. பெறுகருவியைக் கூரைக்கு அருகில் ஏற்றியதும் -81-க்குத் திரும்பியது.

தகரக் கூரை எதிரொலிப்பதால் சில இடங்களில் சிக்னல் திடீரென்று விழுகிறது. கருவியை ஆறு செ.மீ. நகர்த்தினால் மீண்டு வருகிறது.

நிலா_வன்பொருள் | மே 29, இரவு 10.20

ஆறு செ.மீ. என்பது அரை அலைநீளம். அலைகள் மோதி அழியும் புள்ளிகள் மிகச் சிறியவை, அவ்வளவு நகர்ந்தாலே பெரும்பாலும் அதிலிருந்து வெளியே வந்துவிடலாம். புளூடூத் அறிவிப்புகள் (கருவி அவ்வப்போது வீசும் சிறு செய்திகள்) 2402, 2426, 2480 மெகாஹெர்ட்ஸ் என மூன்று அலைவரிசைகளில் போகின்றன. மூன்றும் ஒரே இடத்தில் விழுவது அரிது. உங்கள் நிரலில் மூன்றையும் பயன்படுத்துகிறீர்களா?

பல்லடத்தான் | மே 30, காலை 5.50

மின்கலத்தை மிச்சப்படுத்த ஒன்றை மட்டுமே வைத்திருந்தேன். நேற்று இரவே மூன்றாக மாற்றிவிட்டேன். காலையில் பதிவுகளைப் பார்த்தேன், பன்னிரண்டு கருவிகளிலும் ஒரு அளவுகூட விடுபடவில்லை. அடுத்த குஞ்சுகள் திங்கட்கிழமை இறங்குகின்றன.